பிட்டுக்கு மண் சுமந்தவரும் விண்வெளிப் பேருயிர்களும்

ஒத்தக்கடையிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார்: "அண்ணே, நான் ஒரு அறிவியல் புனைகதை எழுதிக்கிட்டிருக்கேன். பால்வெளி மண்டலத்தையே காக்குற ஒரு பேருயிர் யானைமலைக்கு மேல வந்து நிக்குது. பத்துப் பக்கம் ஆயிருச்சு. படிச்சவங்க எல்லாரும் 'பிரம்மாண்டமா இருக்கு, ஆனா மனசுல ஒட்டல'ங்கிறாங்க. இன்னொரு சந்தேகம். வெளிநாட்டுக் கதைகள்ல இந்த மாதிரி உயிர்களுக்கு எப்பப் பாத்தாலும் ஒரு சபதம், ஒரு காவல், ஒரு கடமைன்னு மாட்டிவிட்டுர்றாங்களே, ஏன்? அவ்வளவு சக்தி இருக்கிறவன் எதுக்கு அடுத்தவனுக்கு வேலை பாக்கணும்?"

தம்பி, நீங்கள் அனுப்பிய பத்துப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு பக்கம் அந்த உயிரின் அளவைச் சொல்கிறீர்கள். பால்வெளியின் குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு, அதில் குறைந்தது பத்தாயிரம் கோடி விண்மீன்கள், அத்தனையும் அதன் கண்பார்வையில் என்று எழுதியிருக்கிறீர்கள். தகவல் சரிதான். ஆனால் பத்தாயிரம் கோடி என்று படிக்கிறவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். பத்தாயிரம் கோடிக்குப் பதில் இருபதாயிரம் கோடி என்று போட்டாலும் அவருக்குள் எதுவும் அசையாது. அளவு வியப்பைத் தரும். வியப்பு ஒரு பக்கத்துக்கு மேல் தாங்காது.

அடுத்து, கடமை. தமிழில் இந்தச் சொல்லுக்குள்ளேயே கடன் இருக்கிறது. கடன் என்றால் வாங்கியவர் மட்டும் போதாது, எதிரே கொடுத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அப்பர் பாடிய "என் கடன் பணி செய்து கிடப்பதே" எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய அடியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை: "தன் கடன் அடியேனையும் தாங்குதல்." தாங்குவது ஆண்டவனுடைய கடன் என்கிறார். மேலே இருப்பவருக்கும் கடன் உண்டு என்று கீழே இருந்தபடி கணக்குச் சொல்கிற துணிவு அது. உங்கள் பேருயிரின் பத்துப் பக்கத்தில் எனக்குக் கிடைக்காதது இதுதான். அது யாருக்குக் கடன்பட்டிருக்கிறது?

நீங்கள் சொன்ன வெளிநாட்டுக் கதைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1966இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸில் மூன்று இதழ்களில் ஒரு கதை வந்தது. எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஜாக் கிர்பி. கோள்களைத் தின்று உயிர் வாழும் கேலக்டஸ் பூமிக்கு வருகிறான். இருவரும் பேசி வைத்த கதையில் அவன் மட்டும்தான் இருந்தான். கிர்பி வரைந்து அனுப்பிய பக்கங்களில், பேசாத ஓர் உருவமும் பலகையில் நின்றபடி விண்வெளியில் சறுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு பெரிய ஒருவனுக்கு முன்னால் போய் அறிவிக்க ஓர் ஆள் வேண்டாமா என்பது கிர்பியின் கணக்கு. அப்படிப் பிறந்தவன்தான் சில்வர் சர்ஃபர். திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் எக்காளம் ஊதுகிறவர் போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கணக்கு சட்டென்று புரியும்.

அந்த ஒரே கதைக்குள் மூன்று பேருயிர்கள், மூன்று விதமான சுமை. கேலக்டஸுக்குப் பசி. அவனுக்கு யார் மேலும் பகை கிடையாது, தின்னாவிட்டால் செத்துப்போவான். சர்ஃபருக்கு ஒப்பந்தம். நோரின் ராட் என்ற பெயரோடு தன் ஊர்க்கோளில் வாழ்ந்தவன் அவன். அந்தக் கோளை விட்டுவிட்டால் வேறு கோள்களைத் தேடித் தருகிறேன் என்று தன்னையே கொடுத்துவிட்டான். தன் வீட்டைக் காப்பாற்ற ஊரார் வீட்டைக் காட்டிக்கொடுக்கிற வேலை. சில வருடம் கழித்து வந்த இதழில்தான் இந்த முன்கதையைச் சொன்னார்கள். ஆனால் முதல் கதையிலேயே அந்த முகத்தில் அது இருக்கிறது. மூன்றாவது ஆள் வாட்சர். எல்லாவற்றையும் பார்ப்பான், எதிலும் கை வைக்க மாட்டேன் என்று சபதம் செய்தவன்.

மூன்று பேரில் என்னை அதிகம் தொந்தரவு செய்தவன் இந்த வாட்சர். பதினைந்து வயதில், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியிருந்த பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை கிழிந்த பிரதியாக அவனைப் பார்த்தேன். அவன் இனத்தார் முன்னொரு காலத்தில் ஒரு கோளின் மக்களுக்கு நல்லெண்ணத்தோடு அணுசக்தி அறிவைக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அதை வைத்தே சண்டை போட்டு அழிந்தார்கள். அதற்குப் பிறகுதான் 'இனி எதிலும் தலையிடுவதில்லை' என்ற சபதம். கொடுத்த கை செய்த பாவத்துக்குப் பரிகாரமாகக் கையைக் கட்டிக்கொண்டவர்கள். 1966 கதையில் அவனும் தடுமாறுகிறான். சர்ஃபரின் கண்ணில் பூமி படக் கூடாது என்று வானத்தில் தீயைப் பரப்புகிறான், அப்புறம் பாறைகளால் மறைக்கிறான். சபதம் ஒரு பக்கம், கீழே நிற்கிற சனங்கள் ஒரு பக்கம். கடமையின் பாரம் என்று நாம் சொல்வது அந்த இழுபறியைத்தான். கேலக்டஸ் மலை உயரம் இருக்கிறான், ஆனால் கதையில் கனமாக இருப்பது வாட்சரின் நெஞ்சு.

பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு வேலையா என்று சிலர் கேட்பார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். 1899இல் தொடங்கிய இடம். வானம் தெளிவாக இருக்கிற நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைப்பதை நூறாண்டுக்கும் மேலாகச் செய்துவருகிறார்கள். 1909இல் அங்கேதான் எவர்ஷெட் என்ற வானியலாளர், சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். சூரியனிடம் நாம் எதையும் மாற்ற முடியாது, பார்த்துக் குறித்து வைக்கத்தான் முடியும். முன்னால் இருந்தவர் குறித்த கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் வருகிறவரும் கடன்பட்டவர். ஒரு நாள் விட்டால் அந்த நாளின் சூரியன் போனதுதான். வாட்சரை எழுத நினைக்கிறவர்கள் அந்தத் தகடுகளை நினைத்துக்கொள்ளலாம்.

சொந்தக் கதை ஒன்றையும் சொல்கிறேன். எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், மேலூருக்குக் கிழக்கே ஒரு கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் ஒருவர் கைதான். எந்த வயலுக்கு எந்த நேரம் தண்ணீர் என்பது ஊர் வைத்த முறை. முறைப்படி விடுவது அவர் வேலை. அறுவடையானதும் களத்துமேட்டில் நெல் அளப்பார்கள், அதுதான் கூலி. அந்த ஆயக்கட்டில் அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. நிலம் வைத்திருந்தவர்கள் யாருக்கும் மடையைத் தொட உரிமை கிடையாது.

பழைய மடை. கண்மாய் நிறைந்திருந்தால் தண்ணீருக்குள் முங்கிப் போய் அடைப்பைப் பிடுங்க வேண்டும். முங்கியவர் மேலே வரும்வரை கரையில் நிற்கிறவர்கள் பேச மாட்டார்கள். நான் சின்னப் பையனாகக் கரையில் நின்று எண்ணியிருக்கிறேன். எண்பது வரை எண்ணினது நினைவிருக்கிறது. முதலில் தலைப்பாகை இல்லாத வழுக்கைத் தலை தெரியும், அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம். வெளியே வந்ததும் யாரையும் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலோரம் நடப்பார்.

ஒரு வருடம் மழை பொய்த்துவிட்டது. கண்மாயில் இருந்தது முழங்கால் தண்ணீர். என் அத்தையைக் கட்டிக்கொடுத்தது அதே ஊரில்தான். அவர்கள் வயலுக்கு முறை வர இன்னும் நான்கு நாள். பயிர் இரண்டு நாள் தாங்காது. அத்தை ராத்திரி வந்து வாசலில் உட்கார்ந்தாள். அழவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. ஐயா அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். மடையைத் திறக்கவில்லை. அத்தை வீட்டுப் பயிர் கருகிப்போனது. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அந்த வீட்டில் கை நனைத்தது கிடையாது. அவர்கள் கூப்பிடாமல் இல்லை, இவர்தான் போகவில்லை. கையில் மடை இருந்தும் மகள் வயலுக்குத் தண்ணீர் விட முடியாத அவரைப் பார்த்த பிறகு எனக்கு வாட்சர் அந்நியனாகத் தெரியவில்லை.

ஆக, சக்தி இருக்கிறவன் ஏன் கட்டுப்படணும் என்கிற உங்கள் கேள்விக்கு என் பதில் இது. கட்டு இல்லாத சக்தியிடம் நாம் எதையும் கேட்க முடியாது, அதுவும் நமக்கு எதையும் மறுத்துவிட்டு வருந்த முடியாது. ஓலாஃப் ஸ்டேபிள்டன் 1937இல் எழுதிய 'ஸ்டார் மேக்கர்' அப்படி ஒரு கட்டில்லாத படைப்பாளனைக் காட்டுகிறது. அண்டத்துக்கு மேல் அண்டமாகப் படைத்துக்கொண்டே போகிறான். படைத்ததைக் கூர்ந்து பார்க்கிறான், இரக்கம் மட்டும் இல்லை. பெரிய புத்தகம், மறுக்கவில்லை. ஆனால் அவனுக்காக யாரும் கண் கலங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்கு நேர் எதிராக 1953இல் வந்த ஆர்தர் சி. கிளார்க்கின் 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்'. வானிலிருந்து வந்து மனித குலத்தைப் பேணுகிற ஓவர்லார்டுகள் ஆளப் பிறந்தவர்கள் போலத்தான் முதலில் தெரிகிறார்கள். போகப் போகத் தெரிகிறது, அவர்களும் மேலே உள்ள ஒரு பெருமனத்தின் ஏவலாட்கள். மனிதக் குழந்தைகள் அந்தப் பெருமனத்தோடு கலக்கப்போகிறார்கள். பேறு பார்க்க வந்த இவர்களுக்கு அந்தப் பேறு என்றைக்கும் கிடையாது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்திய, தனக்குப் பிள்ளையில்லாத மருத்துவச்சி மாதிரி. இந்த ஒரு கோலத்துக்காகவே அந்த நாவலைப் படிக்கலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். திருவிளையாடலின் 61ஆம் படலம், மண் சுமந்த கதை. ஆவணி மூலத் திருவிழாவில் ஆரப்பாளையம் பக்கம் பிட்டுத்தோப்பில் வருடா வருடம் நடத்திக் காட்டுகிறார்களே, அதுதான். வைகையில் வெள்ளம், கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்று அரிமர்த்தன பாண்டியன் ஆணை. பிட்டு விற்கிற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. கூலியாளாக வருகிறார் சொக்கநாதர். உதிர்ந்த பிட்டுத்தான் கூலி என்று பேச்சு. தின்கிறார், தலையில் சும்மாடு கட்டிக் கூடையில் மண் சுமக்கிறார், ஆடுகிறார், பாடுகிறார், படுத்துத் தூங்குகிறார். வந்தியின் பங்குக் கரை மட்டும் அடைபடவில்லை. பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அடி அவர் முதுகில் விழ, வலி அரசன் மேலும், அரசி மேலும், சூரியன் சந்திரன் மேலும், கருவில் இருக்கிற பிள்ளை மேலும் விழுகிறது. ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைந்துபோகிறார், கரை அடைபடுகிறது.

இதைப் பக்தியோடு கேட்டு வளர்ந்தவன்தான் நான். இப்போதும் அப்படித்தான் கேட்கிறேன். கதை எழுதுகிறவனாகவும் ஒன்று கவனித்தேன். அண்டத்தையே தாங்குகிறவருக்கு அங்கே சுமையாக வந்தது அண்டம் கிடையாது, ஒரு கூடை மண். கட்டளை போட்டவன் அரசன். ஆனால் அவர் கடன்பட்டது வந்திக்கு, வாயில் போட்ட உதிர்ந்த பிட்டுக்கு. அந்த அடியைப் பாருங்கள். அண்டமும் அவரும் ஒரே உடம்பு என்பதை நூறு பக்கம் விளக்கலாம். இங்கே ஒரு பிரம்படி அதைச் சொல்லிவிடுகிறது. வேறொரு கடலுக்கு அப்பால் வந்த 1966 கதையிலும் சர்ஃபரின் மனம் மாறுவது எப்படித் தெரியுமா? கண் தெரியாத ஒரு பெண்ணின் வீட்டில் வந்து விழுகிறான். அவள் அவனுக்கு உணவு எடுத்து வைக்கிறாள், மனிதர்களுக்காக மன்றாடுகிறாள். அதற்குப் பிறகுதான் எசமானை எதிர்த்து நிற்கிறான். தண்டனையாகப் பூமியை விட்டு வெளியே போக முடியாதபடி சிறைப்படுகிறான். ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்படவில்லை. சோறு போட்டவர் பக்கம் சாய்வது எங்கேயும் உள்ள ஞாயம்.

அழகர்மலை பதினெட்டாம்படிக் கருப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். மலையாள தேசத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர வந்தார்கள், அவர்களைக் கொன்று படிக்கட்டில் புதைத்தார்கள், கூட வந்த கருப்பு அங்கேயே காவலாக நின்றுவிட்டார் என்பது வழக்கு. பறிக்க வந்தவரே காவலானார். அழகர் மதுரைக்குப் புறப்படும்போது நகைப் பட்டியலை அவர் முன்னால்தான் வாசிக்கிறார்கள், திரும்பியதும் அவர் முன்னால்தான் சரிபார்க்கிறார்கள். சாத்தியிருக்கிற கோயில் கதவையே அவராகக் கும்பிடுகிறார்கள், சந்தனம், மாலை எல்லாம் அதற்குத்தான். உங்கள் தலைமுறையில் யாராவது இதை விண்வெளியில் வைத்து எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

அறிவியல் புனைகதை என்றால் அறிவியல் அந்தச் சுமைக்கு எதையாவது சேர்க்க வேண்டும் இல்லையா? ஒளியின் வேகம் சேர்க்கிறது. உங்கள் உயிர் பால்வெளி முழுவதையும் 'ஒரே நொடியில்' பார்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 1977இல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம் இருக்கிற இடத்திலிருந்து சேதி வரவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகிறது. பால்வெளியின் மையம் நமக்குச் சுமார் 26,000 ஒளியாண்டு. கீழடியின் பழமை 2,600 ஆண்டு என்கிறோம். அதைப் போலப் பத்து மடங்கு காலம் கழித்துத்தான் மையத்தில் எழுந்த ஓர் அலறல் இங்கே கேட்கும். காவலன் கிளம்பி ஒளிக்கு நிகரான வேகத்தில் போனாலும் இன்னொரு 26,000 ஆண்டு. போய்ச் சேரும்போது அலறியவர்கள் இருக்க மாட்டார்கள். அவர்கள் மொழி, அவர்கள் கோள், ஒருவேளை அவர்கள் சூரியனின் குணம்கூட மாறியிருக்கும். காவல் என்ற கடமையை இயற்கையின் விதியே தோற்கடித்துவிடுகிறது. எப்போதும் தாமதமாகவே வருகிற காவலன். எவ்வளவு சக்தி இருந்தாலும் அவனால் அடைக்க முடியாத கடன் அது.

தாமதமாக வருகிறவர் என்றதும் மதுரைக்காரனுக்கு யார் நினைவு வரும்? தங்கை கல்யாணத்துக்குச் சீரோடு மலையிலிருந்து கிளம்பிய கள்ளழகர்தான். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். வழிநெடுக மண்டகப்படி, ஒவ்வொன்றிலும் நின்று நின்று வருகிறார். வைகையில் இறங்கும்போது கல்யாணம் முடிந்துபோயிருக்கிறது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார் என்பது சனங்கள் சொல்கிற கதை. தனித்தனியாக நடந்த இரண்டு விழாக்களைத் திருமலை நாயக்கர் சேர்த்துவைத்தார் என்பது வரலாறு. இரண்டும் எனக்கு வேண்டியவை. ஆனால் உங்கள் கதைக்கு வேண்டியது அதற்கு அடுத்த நாள். தேனூர் மண்டபத்தில், சாபத்தால் தவளையாகிக் கிடக்கிற மண்டூக முனிவர் காத்திருக்கிறார். அவருக்கு விமோசனம் கொடுத்துவிட்டுத்தான் அழகர் திரும்புகிறார். கல்யாணத்துக்கு வந்தவரால் கல்யாணத்தைப் பார்க்க முடியவில்லை, ஆனால் அவரை எதிர்பார்த்து ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

இப்போது உங்கள் ஏழாம் பக்கத்துக்கு வாருங்கள். நரசிங்கம் போகிற வழியில் ஆடு மேய்க்கிற ஒரு கிழவி மலைக்கு மேலே அண்ணாந்து பார்த்து "எதுக்குப்பா வந்த?" என்று கேட்கிறாள். நீங்கள் அவளை அந்த ஒரு வரியோடு அனுப்பிவிட்டு மறுபடி அந்த உயிரின் ஒளிவட்டத்தை வருணிக்கப் போய்விடுகிறீர்கள். பத்துப் பக்கத்தில் எனக்கு உயிர் தட்டுப்பட்ட இடம் அந்த ஒரு வரி. முதல் ஆறு பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு அவளிடமிருந்து தொடங்கிப் பாருங்கள். யாரோ என்றைக்கோ இந்த இடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அது பல்லாயிரம் ஆண்டு நடந்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. கூப்பிட்டவர்கள் இல்லை. கிழவி இருக்கிறாள், ஒரு ஆட்டுக்குட்டியைக் காணோம், இருட்டிக்கொண்டு வருகிறது. தூக்குவாளியில் கொஞ்சம் கஞ்சி இருக்கிறது. வந்தவனுக்கு அதில் பாதியை ஊற்றிக்கொடுத்துவிட்டு அவள் என்ன கேட்பாள் என்று எழுதி அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.